தூரத்துக் கிராமம் யாருக்குத் தூரம்?

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கிளிவெட்டி எவ்வளவு தூரம்? வரைபடத்திலே பார்த்தால் கொட்டியாரக் குடாவைச் சுற்றி வருகிற தூரந்தான். ஆனால் கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டில் திறக்கப்படும் வரையில், கரையோரத் தெரு வழியாக வருகிறவர்கள் துறையிலே காத்திருந்து 'பாதை'யில் ஏறி அக்கரை சேர வேண்டியிருந்தது. அல்லது மூதூர் வரை லோஞ்சில் வந்து, அங்கிருந்து வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. பிரசவ வேதனையிலிருக்கும் தாய்க்கும், சோதனை எழுதப் போகும் பிள்ளைக்கும், நெல்லை விற்கப் போகும் கமக்காரருக்கும் அது எத்தனை பெரிய தூரம் என்பதை இப்பகுதி மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பாலம் வந்த பின்பு தூரம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆகவே ஒரு கிராமத்தை 'ஒதுக்குப்புறம்' என்று சொல்லும்போது இரண்டு விதமான தூரங்களை நாம் பிரித்தறிய வேண்டும். ஒன்று ஆறும் மலையும் காடும் உண்டாக்கிய தூரம். மற்றது மனிதர் உண்டாக்கிய தூரம்: காணிக்கு உறுதி இல்லாமை, கந்தோரில் மதிப்பு இல்லாமை, ஒரு மக்களைப் பற்றிய முடிவுகள் அவர்களைக் கேளாமலே எடுக்கப்படுதல் முதலியன. முதலாவது தூரத்தைப் பாலமும் தெருவும் குறைக்கும். இரண்டாவது தூரத்தைக் குறைப்பது எது? இதுவே இவ்வாரம் குடும்பமாக நாம் படிக்க வேண்டிய பாடம்.

இதனைப் படிப்பதற்கு உண்மையான மழைக்காட்டுக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நமது மாவட்டத்துக் காடு மழைக்காடு அன்று. மாரியில் தளிர்த்து, கோடையில் காய்ந்து நிற்கும் வறண்ட வலயக் காடு அது. இலங்கைத் தீவில் மழைக்காடு என்றால் தென்மேற்கே சிங்கராஜ வனத்தைத்தான் சொல்ல வேண்டும். தமிழும் தமிழோடு உறவுள்ள பேச்சும் வழங்குகிற மழைக்காட்டுக் கிராமங்களைக் காண வேண்டுமானால், கடல் கடந்து தமிழ்நாட்டின் மேற்கெல்லையிலுள்ள ஆனைமலைக்குப் போக வேண்டும்.

ஆனைமலைக் காடர்

கோயம்புத்தூர் மாவட்டத்தில், ஆழியாறு அணையடியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் வால்பாறை என்னும் மேட்டுநிலம் வரும். இந்தியாவிலே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றாகிய சின்னக்கல்லாறு இப்பகுதியிலேயே உள்ளது. இம்மலைகளில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். இவர்களுள் காடர் என்போர் பெயருக்கேற்பக் காட்டையே வீடாகக் கொண்டவர்கள். வள்ளிக்கிழங்கு அகழ்தல், தேன் எடுத்தல், குங்கிலியம், ஏலம் முதலியவற்றைச் சேகரித்தல் ஆகியவையே இவர்களது தொன்றுதொட்ட பிழைப்பு. நெடுமரத்தில் மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து, அவற்றின்மீது கால்வைத்து இருளிலே ஏறித் தேன் எடுக்கும் திறமை இவர்களுக்கு உண்டு.

இவர்கள் வாழ்ந்த காட்டின் கதி என்ன ஆயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயர் தேக்கு மரங்களைத் தேடி வந்தனர். மலையுச்சியிலிருந்து மரங்கள் சறுக்கிவிடப்பட்ட இடத்துக்கு இன்றும் 'டாப் சிலிப்' என்றே பெயர். 1890களிலிருந்து வால்பாறை மேட்டின் பெருங்காடு வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் ஆயிற்று. நாடு சுதந்திரம் பெற்ற பின்பு, பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகள் கட்டப்பட்டுப் பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின. எஞ்சிய காடு சரணாலயமாகி, 2007ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

மரமும் தேயிலையும் மின்சாரமும் நீர்ப்பாசனமும் வனவிலங்குப் பாதுகாப்பும் நாட்டுக்குத் தேவையானவையே. இவற்றுள் எதையும் தீமை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் காட்டைப் பற்றிய முடிவு வேறோரிடத்தில் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் விலகி நிற்க வேண்டியவர் காட்டில் இருந்தவரே. இதைக் கவனித்துக்கொண்டு மேலே செல்வோம்.

கல்லார்குடிக்கு நேர்ந்தது

இக்காடர் கிராமங்களுள் ஒன்று கல்லார்குடி. தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிக் காட்டினூடே கால்நடையாகச் செல்ல வேண்டிய ஊர் அது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கொட்டிய பெருமழையில் அங்கே மண் சரிந்து வீடுகள் அழிந்தன. பயிர் செய்த நிலமும் கெட்டது. அவ்விடத்தில் இனிக் குடியிருப்பது ஆபத்து என்பதை மக்களே உணர்ந்தனர்.

தாங்கள் போக வேண்டிய இடத்தையும் அவர்களே தெரிந்தெடுத்தனர். அருகிலுள்ள தெப்பக்குளமேடு என்னும் இடம் சரிவு ஆபத்துக் குறைந்தது, தங்களுக்குப் பழக்கமான காட்டுக்குள் உள்ளது என்று சொல்லி, அங்கே குடிசை போட முயன்றனர். காப்பகத்துக்குள் புதிய குடியிருப்பு கூடாது என்று அதிகாரிகள் அதனைத் தடுத்தனர். பின்னர் அவர்கள் தாய்முடி என்னும் தேயிலைத் தோட்டத்தின் பழைய லயன்களில் தங்கவைக்கப்பட்டனர்.

'லயன்' என்றால் என்ன என்பது மலையகத்தை அறிந்த நம் வாசகர்களுக்குத் தெரியும். மழைக்குக் கூரை உண்டு. ஆனால் கிழங்கு அகழக் காடு இல்லை, மிளகு நட நிலம் இல்லை, பிள்ளைக்குத் தொழில் பழக்க மரமில்லை. 'தற்காலிகம்' என்று சொல்லப்பட்ட அந்த வாழ்வு ஆண்டுக் கணக்கில் நீண்டது. மக்கள் மனுக் கொடுத்தனர். அமைதியான முறையில் போராடினர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2021ஆம் ஆண்டில், தெப்பக்குளமேட்டிலே அவர்களுக்கு நிலப் பட்டா வழங்கப்பட்டது.

சட்டமும் அதன் பயனும்

நிலச்சரிவில் வீடிழந்த ஒரு சிற்றூர் மக்கள் அரசாங்கத்துடன் வாதாடி வெல்ல முடிந்தது எப்படி? அவர்களுக்குத் துணை நின்றது இந்தியப் பாராளுமன்றம் 2006ஆம் ஆண்டு நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம். அதன் சாரத்தை மூன்றாகச் சொல்லலாம்.

முதலாவது, பழங்குடியினர் காட்டில் ஏற்கெனவே குடியிருந்து பயிரிட்டு வந்த நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு. இது அரசு கொடுக்கும் தருமம் அன்று. முன்பே இருந்த உரிமையை இப்போது ஏற்றுக்கொள்ளுதல்.

இரண்டாவது, தேன், கிழங்கு, குங்கிலியம் போன்ற காட்டுப் பொருள்களைச் சேகரிக்கவும், காட்டைப் பேணவும் அவ்வூரார் அனைவருக்கும் பொதுவான உரிமை உண்டு.

மூன்றாவது, இவ்வுரிமைகளைத் தீர்மானிக்கும் வேலையை ஊர் மக்கள் கூடும் கிராம சபையே தொடங்க வேண்டும். வனவிலங்குக் காப்பகங்களிலிருந்து மக்களை இடமாற்றுவதற்கும் அச்சபையின் சம்மதம் வேண்டும்.

சட்டம் நல்லதாயினும் அது தானாக ஊருக்குள் நடந்து வருவதில்லை. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடை காரணமாகப் பல ஆண்டுகள் உரிமைப் பத்திரங்கள் வழங்கப்படாமல் கிடந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைந்த ஊரில், சட்டத்தை வாசித்துச் சொல்லவும் மனு எழுதவும் யாராவது அருகில் நிற்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்திலேதான் படித்த அயலவரின் கடமை தொடங்குகிறது.

இருவாச்சியின் காவலர்

'சரி, உரிமை கொடுத்தால் காட்டை அழித்துவிட மாட்டார்களா?' என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கு மலையின் மறுபக்கத்தில், கேரளத்தின் வாழச்சால் காட்டிலுள்ள காடர்கள் தங்கள் செயலால் விடை சொல்லியிருக்கின்றனர்.

இருவாச்சி என்பது பெரிய அலகுடைய மழைக்காட்டுப் பறவை. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து, சிறிய பிளவு ஒன்றை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். குஞ்சு வளரும் வரை தாய்க்கும் குஞ்சுக்கும் ஆண் பறவையே பழம் கொண்டுவந்து ஊட்டும். ஆண் பறவை இறந்தால் கூட்டிலுள்ள குடும்பமே பட்டினியில் வாடும். இப்பறவை விழுங்கித் தூவும் வித்துக்களாலேயே காட்டின் பல மரங்கள் பரவுகின்றன.

முற்காலத்தில் காடர்கள் இப்பொந்துகளிலிருந்து குஞ்சுகளை உணவுக்காக எடுப்பதுண்டு. ஆகவே எந்த மரத்தில் எந்தப் பொந்து என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் வேறு எவருமில்லை. 2000களின் நடுப்பகுதியிலிருந்து வனத்துறையும் ஆய்வாளரும் அவர்களையே கூட்டுக் காவலராக நியமித்தனர். குஞ்சு எடுத்த கைகளே அதைக் காத்தன. தண்டனையால் வராத பலன் அவர்களது அறிவை மதித்ததால் வந்தது.

இதே வாழச்சால் பகுதியிலுள்ள ஒன்பது காடர் ஊர்களுக்கு 2014ஆம் ஆண்டில் காட்டின் மீதான பொது உரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது. சாலக்குடி ஆற்றை மறித்து அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் மின் நிலையம் அமைக்கும் திட்டம் வந்தபோது, அக்காட்டையும் ஆற்றையும் காக்கப் போராடியவர்களுள் இவர்கள் முன்நின்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர் வாழச்சால் ஊரின் மூப்பத்தியான கீதா என்னும் பெண்மணி. அவ்வணை கட்டப்படவில்லை.

நமது தீவில், நமது அயலில்

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நமது தீவிலும் இதே பாடம் எழுதப்பட்டிருக்கிறது. மகாவலித் திட்டத்து நீர்த்தேக்கங்களின் நீரேந்து நிலங்களைக் காக்கும் பொருட்டு, 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயா தேசிய வனம் அறிவிக்கப்பட்டது. தம்பானை வேடர்கள் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வந்த காடு அதற்குள் அடங்கிற்று. பலர் ஹேனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டனர். வேடர் தலைவர் திசாஹாமி தமது காட்டைவிட்டுப் போக மறுத்துவிட்டார். 1998இல் தாம் இறக்கும் வரை தம்பானையிலேயே இருந்தார். தேன் எடுத்தவன் ஒரே நாளில் காட்டுத் திருடன் எனப்படும் நிலை வந்ததே, அதுதான் நாம் முன்னே சொன்ன மனிதர் உண்டாக்கிய தூரம்.

இன்னும் அருகே வருவோம். கிளிவெட்டியிலிருந்து கிழக்கே, கடலுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட மூதூர் கிழக்கில் சந்தோசபுரம், நல்லூர், இளக்கந்தை, வீரமாநகர், பட்டாளிபுரம் முதலிய ஊர்கள் உள்ளன. வேடர் வழிவந்தோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் மக்கள் இங்கே வாழ்கின்றனர். கிழக்குக் கரையோர வேடரைப் பற்றி ஆய்வாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலேயே எழுதியிருக்கின்றனர். மீன்பிடி, தேன், விறகு, சேனை, கூலி வேலை ஆகிய இவற்றால் நாளைக் கழிக்கும் குடும்பங்கள் இங்கே பல. 2006ஆம் ஆண்டுப் போரில் இவர்களும் ஊரைவிட்டு ஓடினர். பின்பு திரும்பி வந்து வெறுந்தரையிலே மீண்டும் தொடங்கினர். இடம்பெயர்ந்தோர் இல்லாத ஆண்டுகளில் பற்றை மண்டிய சேனையும் வயலும் பின்னர் காட்டு எல்லைக்குள் சேர்க்கப்பட்டது, வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் எழுந்த பிணக்கு என்பதை நாம் அறிவோம்.

கல்லார்குடி மக்கள் தாய்முடி லயனில் இருந்த நிலையைக் கிளிவெட்டி மக்களைப் போல் விளங்கிக்கொள்ளக்கூடியவர் யார்? சம்பூர் மக்கள் 2006இல் விரட்டப்பட்டு, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, கடைசியிற் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டாண்டாகத் தகரக் கொட்டில்களில் காத்திருந்தார்கள் அல்லவா? அவர்களது காணியில் நிலக்கரி மின் நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அத்திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2015இலும் 2016இலும் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னரே அவர்கள் வீடு திரும்ப முடிந்தது. அரிசி கொடுத்தாலும் கூரை கொடுத்தாலும் சொந்தக் காணிக்கு அது ஈடாகாது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம்.

இரண்டு தவறான மருந்துகள்

காட்டோரக் கிராமங்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு கருத்துக்கள் அடிக்கடி கேட்கின்றன. இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே, இரண்டும் போதாதவை.

'எல்லாரையும் தெருவோரத்துக்குக் கொண்டுவந்து வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் போதும்' என்பது ஒன்று. விருப்பத்துடன் வருகிறவர்களுக்கு அது நன்மையே. ஆனால் விருப்பமில்லாமல் கொண்டுவரப்பட்டவன் தன் காட்டில் தேர்ந்த தொழிலாளி. தெருவோரத்திலோ அற்பக் கூலிக்கு நிற்கும் கடைசி ஆள். குடும்பத்தில் வறுமையோடு குடியும் கடனும் புகுவதற்கு அதுவே வாசல்.

'அவர்கள் அப்படியே இருக்கட்டும். பள்ளிக்கூடமும் தெருவும் போனால் பழைய பண்பு கெட்டுவிடும்' என்பது மற்றது. இப்படிச் சொல்கிறவர் தம் பிள்ளையைப் பட்டினத்துக் கல்லூரிக்கு அனுப்புவார். பாம்பு கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நடக்கும் தாயிடம் போய்ப் பழைய பண்பின் அழகைப் பேச முடியுமா? காட்டு மக்களும் ஆஸ்பத்திரியை விரும்புகிறார்கள்; பிள்ளை படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்; தேனுக்கு நியாயமான விலை கேட்கிறார்கள். அவர்களைப் பார்வைப் பொருளாக வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

இவ்விரண்டு கருத்துக்களிலும் உள்ள குறை ஒன்றே. அந்த மக்களுக்கு எது வேண்டும் என்று அவர்களையே கேட்கவில்லை. கல்லார்குடி மக்கள் பழைய சரிவிலேயே இருப்போம் என்றும் பிடிவாதம் பிடிக்கவில்லை. லயனே போதும் என்றும் ஏற்கவில்லை. மூன்றாவதாக ஓர் இடத்தைத் தாமே காட்டினர். அந்த மண்ணை அறிந்தவர்களாதலால் அவர்களால் அதைக் காட்ட முடிந்தது. அதைக் கேட்க இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதே துயரம்.

2007ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய பூர்வீகக் குடிகளின் உரிமைப் பிரகடனமும் இதையே வற்புறுத்துகிறது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலிலும், இம்மக்களுக்கு நிலம் விற்பனைச் சரக்கன்று, இறைவனிடமிருந்தும் அங்கே துயிலும் மூதாதையரிடமிருந்தும் வந்த கொடை என்றும், தம் நிலத்தில் தங்கும்போது அதனைச் சிறப்பாகப் பேணுகிறவர்கள் அவர்களே என்றும் கற்பித்தார். கல்லார்குடி மண் சரிந்த அதே 2019ஆம் ஆண்டில், அக்டோபர் மாதம், அமேசன் மழைக்காட்டு மக்களுக்காக உரோமையில் ஆயர் மன்றம் கூடியது. அந்த மன்றத்துக்கு முன்பு அக்காட்டு மக்களின் கருத்துக்கள் பரவலாகக் கேட்டுத் திரட்டப்பட்டன. செவிசாய்த்தலே முதல் வேலை என்பதற்கு அது ஓர் உதாரணம்.

எதிர்காலம் எதில் தங்கியுள்ளது?

நாம் படித்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால், காட்டுக் கிராமத்தின் எதிர்காலம் மூன்று காரியங்களில் தங்கியிருப்பது புலனாகும். முதலாவது வழி: தெரு, பாலம், வைத்தியம், பள்ளிக்கூடம். இரண்டாவது உரிமை: காணியின் உறுதியும், காட்டுப் பொருளைச் சேகரிக்கும் அனுமதியும், தன் ஊரைப் பற்றிய முடிவிலே பேச்சுரிமையும். மூன்றாவது மதிப்பு: அவர்களுடைய அறிவை அறிவாக ஏற்றுக்கொள்ளுதல். முதலாவதை மட்டும் கொடுத்து மற்ற இரண்டையும் மறுத்தால், புதிய தெருவின் வழியே முதலில் வெளியேறுகிறவர் அவ்வூராராகவும், முதலில் உள்ளே வருகிறவர் மர வியாபாரியாகவும் இருப்பர்.

இவற்றில் நமது பங்கு சிறியதுதான், ஆயினும் உண்மையானது. தேன் விற்க வருகிறவரிடம் அடித்துப் பேரம் பேசாமல் உரிய விலை கொடுப்பது நம்மால் ஆகும். படித்த வாலிபர் ஒருவர் மாதத்தில் ஒரு நாளைக் காட்டோர ஊரொன்றிலே செலவிட்டு, பிறப்புப் பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் காணி அனுமதிப் பத்திரத்துக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது ஆகும். அவ்வூர்ப் பிள்ளை நம் பிள்ளையின் வகுப்பில் வந்து அமரும்போது, அதன் பேச்சையோ உடையையோ கேலி செய்யாதபடி நம் பிள்ளைக்குச் சொல்லி வளர்ப்பது எல்லாப் பெற்றோராலும் ஆகும். படிப்பை இடையில் விடுகிற பிள்ளைகள் எல்லாரும் தூரத்தினால் விடுவதில்லை. கேலியினால் விடுகிறவர்களும் உண்டு.

குடும்பத்தில் கலந்துரையாட

1. நமது ஊரிலிருந்து எந்த ஊரை நாம் 'தூரம்' என்கிறோம்? அதில் ஆறும் காடும் உண்டாக்கிய தூரம் எவ்வளவு? மனிதர் உண்டாக்கிய தூரம் எவ்வளவு?

2. நம் குடும்பத்தார் எப்போதாவது முகாமிலோ உறவினர் வீட்டிலோ இடம்பெயர்ந்து வாழ்ந்ததுண்டா? அப்போது நம்மைக் கேளாமல் நமக்காக எடுக்கப்பட்ட முடிவுகள் யாவை? பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

3. வாழச்சாலில் இருவாச்சிக் குஞ்சை எடுத்தவர்களே அதன் காவலரானது எதனால்? படியாதவர் என்று நாம் எண்ணுகிறவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளக்கூடியது என்ன?

4. காட்டோர ஊரிலிருந்து நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் யாராவது உண்டா? இந்த மாதத்துக்குள் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் குடும்பமாகத் தீர்மானித்து, அதைச் செய்து முடியுங்கள்.